எதிரில் இருக்கும் முகம்

ஆளை எதிரில் உட்காரவைத்து வரைவது கலை, போட்டோவைப் பார்த்து வரைவது நகல் வேலை என்று ஓவியர்களிடையே ஒரு தீர்ப்பு உண்டு. நானும் வெகுகாலம் அதை நம்பினேன். ஒரே பெண்ணை இரண்டு கலைஞர்கள் அணுகிய விதம் அந்த நம்பிக்கையைக் கலைத்தது.

இஸபெல் ராஸ்தோர்ன் 1930களில் பாரிஸில் ஜியாகொமெட்டியின் முன் அமர்ந்தவர். 1936ல் அவருடைய தலை சிற்பமாயிற்று. அதே இஸபெல்லை 1960களில் லண்டனில் பிரான்ஸிஸ் பேக்கன் திரும்பத் திரும்பத் தீட்டினார், ஜான் டீக்கினைக் கொண்டு எடுக்கவைத்த போட்டோக்களிலிருந்து. இஸபெல் அவருக்குச் சிநேகிதி. ஆனாலும் ஆள் எதிரில் இருந்தால் தனக்குக் கூச்சம், ஓவியத்தில் தான் செய்யும் காயத்தை அவர்கள் கண்ணெதிரே செய்ய விருப்பமில்லை என்ற பொருளில் டேவிட் ஸில்வெஸ்டரிடம் பேக்கன் சொல்லியிருக்கிறார்.

இது ஓர் ஒப்புதல். எதிரிலிருக்கும் முகத்துக்கு வரைபவனைத் தடுக்கும் சக்தி உண்டு. ஜியாகொமெட்டி அந்தத் தடையோடேயே மல்லுக்கட்டினார். 1964ல் ஜேம்ஸ் லார்ட் 18 முறை அவர்முன் உட்கார்ந்தார். தீட்டிய முகம் அழிந்து அழிந்து மறுபடி எழுந்தது. பேக்கன் தடையை விலக்கினார். ஆனால் போட்டோவுக்கும் பணியவில்லை. அவருடைய ஸ்டூடியோவில் போட்டோக்கள் மடிந்து, கசங்கி, வர்ணம் அப்பிக் கிடந்தன. இருவருமே வெறும் சாயலோடு திருப்தி அடையவில்லை.

இதைச் சொல்ல எனக்குள்ள யோக்கியதை ஒரு தோல்விதான். அம்மா இறந்தபின், பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றில் கட்டம் போட்டுப் பெரிதாக்கி அவளை வரைந்தேன். பார்த்தவர்கள் 'அப்படியே இருக்கிறது' என்றார்கள். இருந்தது, ஸ்டூடியோ விளக்கின் முன் ஒரு கணம் விறைத்த முகம். பேசுமுன் கீழுதட்டைக் கடித்துக்கொள்வது அம்மாவின் வழக்கம். போட்டோவில் அது இல்லை. ஆகவே என் படத்திலும் இல்லை. நாற்பது வருஷம் நான் பார்த்ததைவிட அந்தத் துண்டுக் காகிதத்தை நம்பியிருக்கிறேன்.

குற்றம் போட்டோவுடையதல்ல. அம்மா எதிரில் இருந்திருந்தால் 'இதுவா நான்?' என்று கேட்டிருப்பாள். கேட்க ஆளில்லாதபோது வரைபவன் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். பேக்கன் கேட்டுக்கொண்டார். நான் கேட்கவில்லை. படம் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் இன்னும் 'அப்படியே' என்கிறார்கள்.