சிவப்புக் கோடும் தாளாளர் அறையும்

இலங்கையில் முஸ்லிம் அரச பாடசாலை அதிபர் யாரையும் வேலைக்கு எடுக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. 1960-61 சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போனபின் நியமனமும் இடமாற்றமும் மேலிடத்து வேலையாகிவிட்டன. அதிபரும் இடமாற்றத்துக்கு உட்பட்டவர்தான். அவர் கையில் மிஞ்சுவன சின்ன அதிகாரங்கள்: நேரசூசி, லீவு, வராத ஆசிரியரின் வகுப்புக்கு யாரை அனுப்புவது, வரவுப் பதிவேட்டில் பிந்தி வருவோரைப் பிரிக்கும் சிவப்புக் கோட்டை எப்போது போடுவது. வலயக் கல்வி அலுவலகத்தில் செல்வாக்குள்ளவருக்காக அந்தக் கோடு பத்து நிமிடம் காத்திருந்தால், அன்றைக்கே ஆசிரியர் அறை அதிபரைக் கைகழுவிவிடும்.

இந்தியாவின் அரசு உதவிபெறும் முஸ்லிம் பள்ளிகளில் சம்பளம் அரசுடையது. ஆளைத் தேர்வது நிர்வாகம். சிறுபான்மையினருக்கு அரசமைப்பின் 30ஆம் பிரிவு தந்த உரிமை அது. கேரளத்தின் எம்ஜே உயர்நிலைப் பள்ளி வழக்கில், பணிமூப்பைத் தாண்டியும், வெளியிலிருந்தும்கூட, தகுதியுள்ளவரைத் தலைமை ஆசிரியராக்கலாம் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் தெளிவு. ஆனால் மூத்தவரைத் தாண்டி வந்தவரை ஆசிரியர்கள் 'நிர்வாகத்தின் ஆள்' என்றே முதலில் பார்ப்பார்கள். நிர்வாகப் பிரதிநிதியான தாளாளரின் அறைக்குள் அவர் நமக்காகப் பேசுகிறாரா, நம்மைப் பற்றிப் பேசுகிறாரா? கவனம் முழுக்க அதில்தான். முஸ்லிமல்லாத ஆசிரியர்களும் கணிசமாக இருக்கும் பள்ளியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். உதாரணமாக, நோன்பு மாதத்தில் இலங்கை முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை. தமிழ்நாட்டில் வகுப்புகள் நடக்கும். நோன்பாளியின் கடைசிப் பாடவேளையை யார் தலையில் கட்டுவது என்பதில் ஒரு தலைமை ஆசிரியரின் நடுநிலை தெரிந்துவிடும்.

வெளியாள் என்பதே குற்றமில்லை. ஏ.எம்.ஏ. அஸீஸ் 1948இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபராக வந்தது சிவில் சேவைப் பதவியை உதறிவிட்டு. வருபவர் எதை விட்டு வந்தார் என்பது ஆசிரியர்களுக்குக் கண்கூடாகத் தெரிந்தது.

என் கணிப்பில் இந்தியத் தலைமை ஆசிரியரின் பாடுதான் கடினம். இலங்கை அதிபர் தன் நேர்மையை மட்டும் காட்டினால் போதும், இவர் நிர்வாகத்தின் நேர்மைக்கும் ஜவாப் சொல்லவேண்டும். குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே ஷூரா, கலந்தாலோசனை. அதை ஓதும் நிர்வாகங்கள், மூத்தவரைத் தாண்டியதற்கான காரணத்தையாவது ஆசிரியர் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லட்டும்.