ஆட்டத்தைத் தொலைத்த திரை: காணொளி விளையாட்டுத் தழுவல்களும் வடசென்னைப் படங்களும்

ஆய்வுச் சுருக்கம்

புகழ்பெற்ற காணொளி விளையாட்டுகளைத் தழுவிய திரைப்படங்கள் பலவும் ஆட்டக்காரர்களுக்கும் பொதுப் பார்வையாளர்களுக்கும் ஏமாற்றமளித்துள்ளன. மூலக்கதையிலிருந்து விலகியதே அதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. ஆட்டத்தின் செயல்முறையைக் கைவிட்டதே முதன்மைக் காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது. இவ்வாதத்தை அளவுகோலாகக் கொண்டு, குத்துச்சண்டையையும் கேரத்தையும் திரைக்குக் கொண்டுவந்த இரு வடசென்னைப் படங்களை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: தழுவல், காணொளி விளையாட்டு, கேரம், குத்துச்சண்டை, வடசென்னை

முன்னுரை

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையோரம் அமைந்த பர்மா பஜார், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்பிடமாக 1960களின் இறுதியில் உருவானது. வெளிநாட்டு மின்னணுப் பொருள்களோடு காணொளி விளையாட்டுக் கருவிகளும் குறுவட்டுகளும் நகரத்து இளைஞர்களின் கைக்கு வந்து சேர்ந்த வழிகளுள் அதுவும் ஒன்று. அங்கிருந்து வடக்கே இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என விரியும் உழைப்பாளர் பகுதிக்கு அதனினும் பழைய விளையாட்டு மரபு உண்டு. குத்துச்சண்டைப் பரம்பரைகளும் தெருமுனைக் கேரம் மன்றங்களும் அம்மரபின் இரு கிளைகள்.

தமிழில் காணொளி விளையாட்டை நேரடியாகத் தழுவிப் படமெடுக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. ஆயினும் விளையாட்டு எதுவாயினும், கையால் ஆடப்படுவதைக் கண்ணால் பார்க்கப்படுவதாக மாற்றும்போது எழும் சிக்கல் பொதுவானது. எனவே வடசென்னைப் படங்களை இவ்விவாதத்தில் சேர்ப்பது பொருத்தமானதே.

தழுவலில் தொலைவது எது?

1993இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ இவ்வகைத் தழுவல்களின் தொடக்கக்கால எடுத்துக்காட்டு. பாப் ஹாஸ்கின்ஸ் போன்ற தேர்ந்த நடிகர் இருந்தும் அது வணிகத்திலும் விமர்சனத்திலும் தோற்றது. வண்ணமயமான தாண்டுதல் விளையாட்டை இருண்ட நகரக் கதையாக அது மாற்றியிருந்தது. 2003இல் உவே போல் இயக்கிய ‘ஹவுஸ் ஆஃப் த டெட்’ எதிர்த்திசையில் சென்று, விளையாட்டின் திரைக்காட்சிகளையே படத்தின் இடையே ஒட்டியது. அதுவும் தேறவில்லை. ஒன்று மூலத்திலிருந்து மிக விலகியது. மற்றொன்று மூலத்தையே துண்டுகளாகப் பதித்தது. இரண்டும் தோற்றன என்பதால் விலகல், நெருக்கம் ஆகியவற்றை மட்டும் கொண்டு தோல்வியை விளக்க இயலாது.

நாவலைத் தழுவும் படம் பாத்திரத்தின் உள்மனப் பேச்சை இழக்கிறது. அதனை நடிப்பாலும் இசையாலும் ஓரளவு ஈடுசெய்கிறது. விளையாட்டைத் தழுவும் படம் இழப்பது ஆடுபவரின் பொறுப்பை. தடையை எதிர்கொள்ளுதல், தவறுதல், தவற்றின் காரணத்தை அறிதல், மீண்டும் முயலுதல் என்னும் சுழற்சியே ஆட்டம். இச்சுழற்சியை விட்டு உடை, ஆயுதம், பெயர் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் படத்தில் எஞ்சுவது மேற்கூடு.

ஜஸ்டின் கர்செல் இயக்கிய ‘அசாசின்ஸ் கிரீட்’ (2016) இதற்குச் சான்று. ஆட்டக்காரர்கள் விரும்பியது பழைய நகரங்களின் சுவர்களில் ஏறிப் பாதையைத் தாமே கண்டடைவதை. படத்தின் பெரும்பகுதியோ நிகழ்கால ஆய்வகத்தில் விளக்க உரையாடல்களாகக் கழிகிறது. மாறாக, ‘மார்ட்டல் காம்பாட்’ (1995) ஆழமான கதை இல்லாதிருந்தும் ஓரளவு நிலைத்தது. போட்டித் தொடர் என்ற மூல ஆட்டத்தின் அமைப்பையே அது கதையமைப்பாகக் கொண்டது.

விதியைத் தழுவுதல்: ‘கேம் ஓவர்’

அஸ்வின் சரவணன் இயக்கிய ‘கேம் ஓவர்’ (2019) எந்த விளையாட்டின் தழுவலும் அன்று. நாயகி விளையாட்டு வடிவமைப்பாளர். சக்கர நாற்காலியில் முடங்கிய நிலையில் கொலையாளிகளை எதிர்கொள்கிறார். அவருக்கு மூன்று உயிர்கள் கிடைக்கின்றன. ஓர் உயிரை இழந்ததும் அதே இரவு மீண்டும் தொடங்குகிறது. முன்னர்க் கற்றது அடுத்த முயற்சிக்கு உதவுகிறது. முந்தைய வன்முறையின் அச்சத்திலிருந்து மீளும் பெண்ணின் மனப் போராட்டத்துக்கு இவ்விதி பொருந்திவருகிறது. விளையாட்டின் பெயரையும் உருவங்களையும் கடன்வாங்காமல் அதன் விதியைப் பொருளாக்கியமையால், மேற்கண்ட நேரடித் தழுவல்கள் தவறவிட்ட இடத்தை இப்படம் தொடுகிறது.

கற்பிக்கும் மேடை: ‘சார்பட்டா பரம்பரை’

பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) நெருக்கடிநிலைக் கால வடசென்னையைக் களமாகக் கொண்டது. கபிலனுக்கும் டான்சிங் ரோஸுக்கும் இடையிலான சண்டை இவ்வாய்வுக்கு முக்கியமானது. ரோஸின் கால்வீச்சும் உடல் நெளிவும் முதலில் கபிலனைக் குழப்புகின்றன. அவனுடைய குத்துகள் காற்றில் போகின்றன. பின்னர் எதிராளியின் அசைவில் உள்ள ஒழுங்கை அவன் கண்டுகொள்கிறான். குத்துச்சண்டை அறியாத பார்வையாளரும் அவனோடு சேர்ந்து அதனைக் கற்கிறார். அடி விழும்போது எழும் மகிழ்ச்சி, தாமே கண்டுபிடித்ததன் மகிழ்ச்சி. காணொளி விளையாட்டில் வலிய எதிரியை வெல்லும்போது கிடைக்கும் உணர்வும் இதுவே.

படத்தின் பிற்பகுதியில் கபிலன் சாராயத் தொழிலில் சரியும் காட்சிகள் தளர்ந்திருக்கின்றன என்ற குறை ஏற்கத்தக்கது. எனினும் பீடி ராயப்பனிடம் கடற்கரையில் பெறும் பயிற்சி, மீண்டும் முயலுதல் என்னும் ஆட்ட விதிக்குப் படத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறது.

கைவிடப்பட்ட பலகை: ‘வட சென்னை’

வெற்றிமாறனின் ‘வட சென்னை’ (2018) கட்டமைப்பிலும் அரசியலிலும் மேற்கண்ட எல்லாப் படங்களினும் செறிவானது. ஆயினும் கேரத்தைத் திரைக்குக் கொண்டுவந்த படம் என்ற அளவில் அது ஏமாற்றமளிக்கிறது.

கேரத்தின் அழகு அதன் கட்டுப்பாட்டில் உள்ளது. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு. சிவப்பைக் குழியில் இட்டால் மட்டும் போதாது. தொடர்ந்து தன் காய் ஒன்றைப் போட்டு ‘ஃபாலோ’ செய்தாக வேண்டும். தவறினால் சிவப்பு பலகைக்குத் திரும்பும். பெற்றதை உறுதிசெய்யாவிடில் இழக்க நேரும் என்னும் இவ்விதி, அன்புவின் வாழ்க்கைக்கே உரிய உருவகமாகியிருக்கக் கூடியது. படம் அதனைப் பயன்படுத்தவில்லை. காய்கள் விழுவதைக் காண்கிறோம்; அன்பு தேர்ந்த ஆட்டக்காரன் என்று அறிகிறோம். ஆனால் பலகையின் முன் அவன் எதைக் கணக்கிடுகிறான், எந்தக் காயை ஏன் விட்டுவைக்கிறான் என்பன நமக்குத் தெரிவதில்லை. சிறையில் நிகழும் கேரம் போட்டி செந்தில்மீதான தாக்குதலுக்குரிய சந்தர்ப்பமாகிறது. ஆட்டம் கத்திக்குத் திரையாகிறது.

‘ஆட விடாத சூழலைக் காட்டுவதே படத்தின் நோக்கம், ஆட்டம் பாதியில் நிற்பதே அதன் பொருள்’ என்று மறுக்கலாம். இம்மறுப்பு வலுவானது. ஆனால் இழப்பின் கனம் உணரப்பட வேண்டுமாயின், இழக்கப்படுவது முதலில் பார்வையாளரின் கைக்கு வந்திருக்க வேண்டும். ராஜனின் மரணம் நம்மை வருத்துகிறது. ராஜனோடு வாழ நமக்கு நேரம் தரப்பட்டது. அன்புவின் கேரத்துக்கு அந்நேரம் தரப்படவில்லை. ஆகவே அவன் கேரத்தை இழப்பது கதைத் தகவலாக நின்றுவிடுகிறது.

இது அழகியல் குறை மட்டும் அன்று. சென்னையின் மரிய இருதயம் உலகக் கேரம் பட்டம் வென்று அர்ஜுனா விருது பெற்றவர். வியாசர்பாடியின் இளவழகி மகளிர் உலகப் பட்டம் வென்றவர். வடசென்னையின் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றவர். சிறு வீடுகளிலும் மன்றங்களிலும் பல ஆண்டுகள் விரல்நுனியில் சேர்ந்த இவ்வறிவு, திரையில் இப்பகுதிக்கு வழங்கப்படும் அடையாளத்தில் இடம்பெறுவதில்லை. கத்தி பிடித்த கை மீண்டும் மீண்டும் அண்மைக்காட்சியாகிறது. காயைக் குறிபார்க்கும் விரலுக்கு அத்தகைய கவனம் கிடைப்பதில்லை.

முடிவுரை

விளையாட்டுத் தழுவலை மதிப்பிடும்போது மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்ற கேள்வி போதாது. தடை, தவறு, கற்றல், மறுமுயற்சி என்னும் சுழற்சியில் பார்வையாளருக்குப் பங்கு தருகிறதா என்பதே பயன்தரும் கேள்வி. ‘அசாசின்ஸ் கிரீட்’ அப்பங்கைத் தரவில்லை. ‘கேம் ஓவர்’ அதனை விதியாகவும், ‘சார்பட்டா பரம்பரை’ மேடைக்காட்சியாகவும் தந்தன. ‘வட சென்னை’ பிறவற்றில் சிறந்தும் இதில் பின்தங்கியது.

குத்துச்சண்டைக்கு ரசிகரைப் பழக்க ஒரு படத்தால் முடிந்தது. பத்தொன்பது காய்களும் நான்கு குழிகளும் கொண்ட பலகைக்கும் அது முடியும். காய் நகரும் முன் ஆட்டக்காரர் எண்ணுவதைக் காட்டும் படம் வரும்வரை, வடசென்னையின் கேரம் தமிழ்த் திரையில் பின்னணிப் பொருளாகவே இருக்கும்.