ஐயக் கோட்டையும் மடியில் இருந்த சாவியும்
இரட்சணிய யாத்திரிகம் குறித்து ஒரு சமணன் சிந்தனை

கம்பனைக் கொண்டாடும் நம் தமிழ்க் குடும்பங்களில் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைப் படித்தவர்கள் குறைவு. ‘அது கிறிஸ்தவங்க புத்தகம்’ என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்டோம். பிரேசர் டவுனில் கடை நடத்தும் சமணனாகிய எனக்கு அந்நூல் மீது என்ன அக்கறை என்று அன்பர்கள் கேட்கலாம். ஐயம் வந்தவனை ஒரு சமயம் எப்படி நடத்துகிறது என்பதே அதற்கு உரைகல் என்பது என் கருத்து. அந்த உரைகல்லில் இந்நூலை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிருஷ்ண பிள்ளை 1827-இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடியில் பிறந்தவர், கம்பனில் தோய்ந்தவர். சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்தது. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையே அதற்கு மூலம். நம்மவர் அதை ‘மோட்சப் பயணம்’ என்று அறிவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்போர்டு சிறையில் 12 ஆண்டு கிடந்த மனிதர் பனியன்.

அக்கதையில் என்னை நிறுத்திவைத்த இடம் ஐயக் கோட்டை. கரடுமுரடான பாதை காலை நோகச் செய்யவே, பக்கத்துப் புல்வெளி வழியாகப் போகலாம் என்று பயணி இறங்கிவிடுகிறான். நம்பிக்கை என்னும் தோழனும் கூடப் போகிறான். விரக்தி என்ற அரக்கன் இருவரையும் பிடித்து இருட்டறையில் தள்ளுகிறான். புதன் காலை முதல் சனி இரவு வரை சோறில்லை, தண்ணீரில்லை. அடியோ அடி. ‘நீங்களே உயிரை விட்டுவிடுங்கள்’ என்று யோசனையும் சொல்கிறான். பயணி அதற்கும் மனம் சாய்கிறான். தோழன்தான், ‘இதுவரை எத்தனை ஆபத்தைத் தாண்டி வந்தாய், நினைத்துப் பார்’ என்று தடுக்கிறான். இருவரும் சனி நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை ஜெபிக்கிறார்கள். அப்போது பயணிக்குச் சட்டென்று ஞாபகம் வருகிறது: வாக்குத்தத்தம் என்ற சாவி தன் மடியிலேயே இருக்கிறது. கதவுகள் திறக்கின்றன. வெளிவாசல் இரும்புக் கதவின் பூட்டு மட்டும் லேசில் அசையவில்லை; அதுவும் கடைசியில் திறந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இது பயணத்தின் தொடக்கத்தில் நடப்பதல்ல. சிலுவையருகே முதுகுச் சுமை விழுந்து, அதற்குப் பின் வெகுதூரம் நடந்த பிறகே மாட்டிக்கொள்கிறான். விசுவாசம் வந்த பின்னும் ஐயம் வரும் என்று ஒளிக்காமல் சொல்கிறது கதை.

2021-இல், கொரோனா இரண்டாம் அலையில் கணவரை இழந்த ஒரு கிறிஸ்தவ அம்மா எங்கள் கடை வாடிக்கையாளர். “ஜெபம் பண்ண உட்கார்ந்தா வாய் வரல அண்ணா, சந்தேகமாவே இருக்கு. இது பாவமா?” என்றார். பாவமா புண்ணியமா என்று சொல்ல நான் யார்? இந்தப் பகுதியைத்தான் படிக்கச் சொன்னேன். நாலு நாள் கழித்து வந்து, “அவனும் மாட்டிக்கிட்டானா!” என்றார். அந்தக் குரலில் இருந்த ஆறுதல் எனக்குப் பெரிய விமரிசனப் பாடமாக இருந்தது.

எங்கள் சமயம் இதை எப்படிப் பார்க்கிறது? சமந்தபத்திரரின் ரத்னகரண்ட சிராவகாசாரம் நற்காட்சிக்கு எட்டு அங்கங்கள் கூறும். அருங்கலச்செப்பு அந்நூலின் கருத்தைத் தமிழில் தருவது. முதல் அங்கம் ஐயமின்மை. அதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஐயப்படுபவன் குற்றவாளி ஆகிவிடுவான். ஆனால் ஆறாவது அங்கம் ஸ்திதிகரணம்: நெறியிலிருந்து தளர்கிறவனைத் திரும்ப நிலைநிறுத்துவது. துறவில் மனம் தளர்ந்த தோழனை வாரிஷேண முனிவர் மீட்ட கதையை இதற்குச் சான்றாகச் சொல்வார்கள். தளர்ச்சி வரும் என்று தெரிந்துதானே பெரியோர் இதையும் ஓர் அங்கமாக வைத்தார்கள்! பனியனின் தோழன் செய்ததும் இதுவே. சாவி பயணியின் மடியில்தான் இருந்தது. அது நினைவுக்கு வரும்வரை அவனை உயிரோடு வைத்தவன் தோழன்.

பிள்ளை வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். மூலத்தில் இல்லாத ஏசுவின் பாடுகளை விரிவாகக் காப்பியத்துக்குள் கொண்டுவந்தார். தேவார மரபில் உருக்கமான பாடல்களையும் இடையிடையே வைத்தார். வாக்குத்தத்தம் என்பது பனியனிடம் ஒரு சாவி. பிள்ளையிடம் அது துன்பப்பட்ட ஒருவரின் கதையாகவும் வாய்விட்டுப் பாடும் பாட்டாகவும் விரிகிறது. தனக்கு ஜெபம் வராத நேரத்தில் பிறர் எழுதிய பாட்டைப் பாடலாமே! ஆழ்வார் பாசுரமும் தேவாரமும் கேட்டு வளர்ந்த நாட்டில் இதுவே சரியான வழிகாட்டல்.

குறையும் சொல்ல வேண்டும். கம்பன் நடையின் அலங்காரமும் வடசொற் செறிவும் சில இடங்களில் கசப்பை இனிப்பாக்கிவிடுகின்றன. இருட்டறைக்கு விருத்தத்தின் ஓசை கொஞ்சம் அதிகம். பனியனின் எளிய உரைநடையே அங்கு நெஞ்சைத் தைக்கிறது. தமிழை வீட்டுப் பேச்சாக மட்டும் அறிந்த நம் பெங்களூர்ப் பிள்ளைகள் இதை உரையில்லாமல் படிக்க முடியாது. இரண்டையும் அருகருகே வைத்து வீட்டுப் பெரியவர்கள் படித்துக் காட்டுவது நல்லது.

எந்தச் சமயத்து வீடானாலும், ‘எனக்குச் சந்தேகமா இருக்கு’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். கூட உட்காருங்கள். ஸ்திதிகரணம் அங்கேதான் தொடங்குகிறது.