தேக்காவில் ஒரு தே தாரிக்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தேக்கா வட்டாரம்தான். மதியம் தாண்டினால் சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, கேம்பல் லேனில் மல்லிகை வாசத்தைப் பிடித்து, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுத் தேக்கா சென்டருக்குள் நுழைவார்கள். கீழே சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும், மேலே துணிக்கடைகள். முருங்கைக்காய், வாழைப்பூ, ஆட்டுக்கறி, மீன் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

அங்கே நான் தவறவிடாதது தே தாரிக். ‘தாரிக்’ என்றால் மலாயில் இழுப்பது. அடர்த்தியான தேயிலைச் சாற்றில் கெட்டிப் பால் விட்டு, மாஸ்டர் இரண்டு குவளைகளுக்கு இடையே தேநீரைக் கை நீளத்துக்கு இழுத்து ஆற்றுகிறார். சொட்டுக்கூடச் சிந்தாது. காற்றுப் பட்டுச் சூடு தணியும்; பாலும் சாறும் ஒன்றாகக் கலந்து நுரை கட்டும். நம்மூர் டீயில் வராத வழவழப்பு முதல் வாயிலேயே தெரிந்துவிடும். பால் வேண்டாதவர்கள் ‘தே ஓ’ என்பார்கள். சர்க்கரையும் வேண்டாமென்றால் ‘தே ஓ கோசோங்’.

கெட்டிப் பாலிலேயே இனிப்பு தூக்கலாக இருக்கும். தேநீர் கேட்கும்போதே ‘சீனி கம்மியா, அண்ணே’ என்று சொல்லிவிடுங்கள். கூட ஒரு பரோட்டா இருந்தால் அந்த வாரத்துக்கு அது போதும்.