நிச்சயம் செய்துகொள்ளும் கல்லூரிகள்

2020 முதல் 2023 வரை நான்கு பருவங்களாக நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரை நம்மில் பலர் தேவியின் காதல்களுக்காகப் பார்த்தோம். அம்மா நளினியோடு அவள் போடும் சண்டைகளில் நம் வீட்டுக் குரலைக் கேட்டோம். கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன், கலிஃபோர்னியாவின் தமிழ்ப் பெண்ணாக நடித்ததைக் கொண்டாடினோம். தேவி எந்தப் பையனைத் தேர்ந்தெடுப்பாள் என்று விவாதித்த அளவுக்கு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தேவியை எதற்காகத் தேர்ந்தெடுத்தது என்று நாம் விவாதிக்கவில்லை.

முதல் பருவத்தில், விநாயகர் பூஜை நடக்கும் இடத்தில் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர் ஒருவரை தேவி சந்திக்கிறாள். அவளுடைய மதிப்பெண்களும் உழைப்பும் அவருக்குச் சலிப்பூட்டுகின்றன. இப்படி எத்தனையோ இந்தியப் பிள்ளைகளை அவர் பார்த்தாயிற்று. பள்ளிக் கச்சேரியின்போது அவள் அப்பா இறந்ததும், அதன்பின் சில மாதங்கள் அவள் கால்கள் செயலிழந்து கிடந்ததும் தெரியவந்த பிறகுதான் அவருக்கு ஆர்வம் பிறக்கிறது. அதை எழுதினால் போதும், கதவு திறக்கும் என்கிறார். தேவி கொதித்துப்போய் மறுக்கிறாள்.

நான்காம் பருவத்தில் மற்ற பெரிய கல்லூரிகள் கைவிரிக்கின்றன. பிரின்ஸ்டன் அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கிறது. இப்போது அவள் அப்பாவைப் பற்றி எழுதுகிறாள். இடம் கிடைக்கிறது. துக்கத்தை ஒருவழியாக அவள் ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகத் தொடர் இதைக் காட்டுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஆலோசகர் சொன்னதுதான் கடைசியில் பலித்தது என்பதைத் தொடர் கவனிக்கவே இல்லை.

இதே கல்லூரிகளுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. அதன் பெயர் முன்கூட்டிய சேர்க்கை. பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பித்தால் டிசம்பர் நடுவில் முடிவு வந்துவிடும். மற்றவர்கள் மார்ச் இறுதி வரை காத்திருக்க வேண்டும். இதில் இரண்டு வகை. கொலம்பியா போன்ற கல்லூரிகளின் ‘எர்லி டெசிஷன்’ கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்: இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மாணவி, பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திடுகிறார்கள். ஹார்வர்டிலும் பிரின்ஸ்டனிலும் இன்று இருப்பது கட்டுப்படுத்தாத வகை.

முந்துவதால் என்ன லாபம்? 2003இல் வெளிவந்த ‘தி எர்லி அட்மிஷன்ஸ் கேம்’ என்ற ஆய்வு நூல் அதைக் கணக்கிட்டது. முன்கூட்டி விண்ணப்பிப்பது எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறக்குறைய 100 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றதற்குச் சமம் என்றது. இந்த 100 மதிப்பெண் படித்து வருவதல்ல. நவம்பருக்குள் எல்லாம் தயாராக வைத்திருக்கும் வீட்டிலிருந்து வருவது. உதவித்தொகை போதவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்பது விதிதான். ஆனால் நான்கு கல்லூரிகள் தரும் உதவியை ஒப்பிட்டுப் பார்த்து எது கட்டுப்படியாகும் என்று முடிவெடுக்கும் வாய்ப்பு கையெழுத்தோடு போய்விடுகிறது. பணக் கவலை இல்லாத வீடுதான் அதைத் தயங்காமல் போடும்.

இது தெரியாமல் நடப்பதும் அல்ல. பிரின்ஸ்டன் இளநிலை வகுப்பில் பெண்களைச் சேர்த்ததே 1969இல்தான். அதன் முதல் பெண் தலைவர் ஷெர்லி டில்மன் காலத்தில், 2006இல், முன்கூட்டிய சேர்க்கையைக் கைவிடுவதாக அந்தப் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஹார்வர்டும் அதே மாதம் அறிவித்திருந்தது. வசதியானவர்களுக்கே அது சாதகம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். போட்டிக் கல்லூரிகளில் பெரும்பாலானவை பின்தொடரவில்லை. 2011இல் இரண்டும் அதைக் கட்டுப்படுத்தாத வடிவில் திரும்பக் கொண்டுவந்தன.

கட்டுப்படுத்தும் அந்த ஒப்பந்தத்துக்கு நம் மொழியில் பொருத்தமான சொல் நிச்சயதார்த்தம். வேறு வரன் பார்க்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வருவார்கள். தொடரில் தேவியின் அக்கா முறையான கமலா, வீட்டார் பார்த்த பிரஷாந்தோடு திருமணம் உறுதியாகும் கட்டத்தில் விலகிவிடுகிறாள். பெண்ணின் விடுதலையாக அதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். அதே வீட்டுப் பெண், கல்லூரி என்று வந்ததும் வேறெதையும் பார்க்காமல் பதினேழு வயதில் வாக்குக் கொடுப்பதை லட்சியம் என்று அழைக்கிறோம்.

தொடரில் இதற்கு ஒரு மறுமொழி இருக்கிறது. தேவியின் தோழி ஃபேபியோலாவுக்கும் பிரின்ஸ்டனில் இடம் கிடைக்கிறது. ஆனால் தன் ரோபாட்டிக்ஸ் படிப்புக்காகக் கறுப்பினத்தவரின் புகழ்பெற்ற ஹோவர்ட் பல்கலைக்கழகத்தையே அவள் தேர்ந்தெடுக்கிறாள். இரண்டையும் எடைபோட்டு, பெரிய பெயரை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு அவகாசம் இருந்தது. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் முதலில் எடுத்துக்கொள்வது இந்த அவகாசத்தைத்தான். தொடர் இதைத் தோழிகளின் மனஸ்தாபமாகச் சுருக்கிவிட்டு நகர்வது பெரிய இழப்பு.

ஆக, முன்வாசல் வீட்டின் வசதியைக் கேட்கிறது. தேவி நுழைந்த வாசல் அவள் காயத்தைக் கேட்டது. நான்காம் பருவம் வெளியான அதே 2023 ஜூன் மாதம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடை செய்தது. இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதலாம் என்பதை மட்டும் விட்டுவைத்தது. இனி வெள்ளையரல்லாத பெண் தன் வலியைத் தானே எடுத்து, 650 சொற்களுக்குள் அழகாக எழுதிக் காட்ட வேண்டும். அதை மதிப்பிடுபவர் அவளுக்கு அந்நியர்.

அப்பாவைப் பற்றி எழுதியதற்காக தேவியைக் குறை சொல்ல எதுவுமில்லை. எழுதுவது அவள் உரிமை. அதை விலையாகக் கேட்டவர்களைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும். விண்ணப்பம் எழுத உட்காரும் மாணவிகள் முதல் பருவத்தின் அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்க்கலாம். என் அப்பாவின் சாவு உங்கள் கல்லூரிக்கான தகுதி அல்ல என்று சினந்து வெளியேறும் அந்தப் பெண்ணுக்கு அப்போது 15 வயது.