முதலாளி யார்?

1962 ஏப்ரல் 6, நியூயார்க் கார்னகி அரங்கம். பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோ தொடங்கும் முன், இசை நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் ரசிகர்களிடம் பேசுகிறார். பியானோ வாசிக்கப்போகும் கிளென் கூல்ட் தேர்ந்தெடுத்திருக்கும் மெதுவான வேகத்தில் தனக்கு உடன்பாடில்லை என்கிறார். அப்புறம் ஏன் நடத்துகிறார்? கூல்ட் சிந்திக்கிற கலைஞர், அவர் நினைப்பதைக் கேட்டுத்தான் பார்க்கவேண்டும் என்கிறார். கூடவே ஒரு கேள்வி: கான்செர்ட்டோவில் யார் முதலாளி, தனிக்கலைஞரா, நடத்துநரா? அரங்கம் சிரிக்கிறது.

அந்தப் பேச்சும் கச்சேரியும் சேர்ந்த பதிவு இன்று கிடைக்கிறது. முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன். இப்போது கேட்டால், அந்தக் கேள்வியே தப்பு என்று படுகிறது.

ஏன்னா, ஒருத்தர் ஆர்கெஸ்ட்ராவை எதிர்த்து நின்று வித்தை காட்டும் கான்செர்ட்டோவின் போட்டித்தனம் கூல்டுக்குப் பிடிக்காது. வேகங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் குறைத்து, பியானோவை ஆர்கெஸ்ட்ராவுக்குள் கரைக்கப் பார்த்தார். முதலாளியே வேணாம் என்கிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலாளி யார் என்று கேட்டால் எப்படி?

இது பழைய சண்டை. முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக, இடக்கையால் மட்டும் வாசிக்கும் கான்செர்ட்டோ ஒன்றை ராவெல் எழுதினார். 1932இல் அதை அரங்கேற்றிய விட்கென்ஸ்டைன் இசைக்குறிப்பைத் தன் இஷ்டத்துக்கு மாற்றினார். ராவெல் கொதித்துப்போனார். வாசிப்பவர் அடிமையில்லை என்று இவர் சொல்ல, அடிமைதான் என்று அவர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு.

இரண்டு சண்டையிலும் வாயே திறக்காதவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வேகம் குறைந்தால், வயலின்காரர் அதே வில் நீளத்தில் ஒலியை இன்னும் அதிக நேரம் நிறுத்தவேண்டும். ஹார்ன் ஊதுகிறவருக்கு மூச்சு பத்தாது. எங்கே மூச்சு எடுப்பது, பக்கத்தில் இருப்பவர் எடுக்கும்போது ஒலி அறுந்துவிடாமல் எப்படித் தாங்குவது? இசைக்குறிப்பில் எழுதியிராத முடிவுகள் இவை. அன்றைய பதிவில் குழு சில இடங்களில் தடுமாறுவது கேட்கிறது. ஆனால் வேகமான பதிவுகளில் ஓடிப்போகிற உள்குரல்கள் இதில் நிதானமாகக் காதில் விழுகின்றன. யோசனை கூல்டுடையது. அதை ஒலியாக்கியவர்கள் அவர்கள்.

வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்பதில்கூட மற்றவர்களோடு ஒத்துப்போக வேண்டியவருக்கு என்ன படைப்புச் சுதந்திரம் என்று கேட்கலாம். சுதந்திரம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்தவரின் ஒலியைக் கேட்டு, அந்த நொடியிலேயே தன் ஒலியைத் திருத்திக்கொள்வதைப் படைப்பு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாமும் யோக்கியம் இல்லை. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, 'என்னா நடை!' என்று மூல ஆசிரியரைக் கொண்டாடுகிறோம். அந்தத் தமிழ் நடையை எழுதியது யார்? புத்தகத்தைத் திருப்பிப் பாருங்கள், பெயர் இருக்கும்.