பொதிமுத்திரை

தெள்ளாருக்குப் போர் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே வென்ற மூன்றாம் நந்திவர்மன் 'தெள்ளாறெறிந்த' என்ற அடைமொழியோடே வரலாற்றில் நின்றுவிட்டான். அது வேலும் வாளும் யானையுமாக நடந்த சண்டை. இன்று தெள்ளாரில் வந்தவாசி பஸ் ஏறினால், அரைமணி நேரத்தில் வேறொரு போர்க்களத்தில் இறங்கலாம். 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட்டின் ஆங்கிலப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையை அங்கேதான் முறியடித்தது. இன்னும் கொஞ்சம் போனால் ஆரணி. 1751-ல் கிளைவ், 1782-ல் ஐதர் அலியோடு மறுபடியும் கூட். தறிச்சத்தம் கேட்கிற இந்த வட்டாரம் துப்பாக்கிச் சத்தமும் நிறையக் கேட்டிருக்கிறது.

பட்டுச்சேலை வாங்க வருபவர் முந்தியை விரித்துப் பார்ப்பார். நெய்யத் தெரிந்தவர் சேலையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பார். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எத்தனை பேரைச் சுட்டது என்ற கேள்வி முந்தி. எங்கே என்ன முத்திரை விழுந்திருக்கிறது, இரும்பும் மரமும் எப்படிச் சேர்கின்றன என்பதெல்லாம் உள்பக்கம்.

கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய் தோளில் சுமந்ததை ரைஃபிள் என்பது தவறு. குழலுக்குள் திருகாக வரி வெட்டியிருந்தால்தான் ரைஃபிள். இது உள்ளே வழுவழுவென்று இருக்கும் மஸ்கட். சிப்பாய்கள் வைத்த செல்லப்பெயர் பிரவுன் பெஸ். வலப்பக்கத் தகட்டைப் பாருங்கள். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு கழுத்தை வளைத்து நிற்கிறதே, அதற்குத் தமிழில் குதிரை என்று பெயர். பெயர் வைத்தவர் கண்ணுக்கு ஒரு கும்பிடு. எதிரே சின்னக் கிண்ணம், அதில் ஒரு சிட்டிகை ரஞ்சகம், அதாவது பற்றவைக்கும் மருந்து. கிண்ணத்து மூடியும் கல் உரசுகிற எஃகும் தனித்தனி அல்ல, ஒரே துண்டை மடக்கிச் செய்தது. குதிரை பாய்ந்து கல் எஃகில் அடிக்கிறது. அந்த அடியிலேயே மூடி திறக்கிறது. பொறி கிண்ணத்தில் விழுகிறது. பக்கத்துத் துளை வழியே நெருப்பு உள்ளே போகிறது. மூன்று வேலைக்கு ஓர் அசைவு. நல்ல தறியின் மிதியில் இந்தச் சிக்கனம் உண்டு.

அதே தகட்டில்தான் எனக்கு மிகப் பிடித்த நுணுக்கமும் இருக்கிறது. கம்பெனி தனக்கென்று செய்வித்த பழைய மஸ்கட்டுகளில் இதய வடிவில் ஒரு முத்திரை தெரியும். உள்ளே குறுக்குக்கோடுகள், கட்டத்துக்கு ஓர் எழுத்து, உச்சியில் நாலு என்ற எண்ணைப்போல் ஒரு குறி. இது படைச்சின்னமே அல்ல, வியாபாரியின் பொதிமுத்திரை. நம் நெசவாளர்களிடம் வாங்கிய துணியைப் பொதி கட்டி, கப்பலேற்றும் முன் கம்பெனி குத்திய அடையாளம். துணிக்கும் துப்பாக்கிக்கும் ஒரே முத்திரை! 1808 வாக்கில் அதை எடுத்துவிட்டு, கிரீடத்தைத் தாங்கி நிற்கும் சிங்கத்தைப் பொறித்தார்கள். சிங்கம் அழகுதான். ஆனால் உண்மையைச் சொன்னது பழைய இதயம்.

அளவுகளிலும் கதை இருக்கிறது. ஆங்கிலப் படையின் பழைய மஸ்கட்டுக்குக் குழல் 46 அங்குலம், பிறகு 42. கம்பெனியின் 'இந்தியா பேட்டர்ன்' 39. மருந்தை இடிக்கும் சலாகையைத் தாங்கும் பித்தளைக் குழாய்களிலும் ஒன்று குறைவு. செலவைக் குறைக்கக் கணக்குப்பிள்ளை புத்தியோடு செய்த மாதிரி இது. பிரெஞ்சுப் போரில் துப்பாக்கி போதாமல் தவித்த ஆங்கில அரசாங்கம் கம்பெனியின் சரக்கையே வாங்கிக்கொண்டு, 1797-ல் அதைத் தன் படைக்கும் மாதிரியாக்கிக்கொண்டது.

வந்தவாசிக் கோட்டையை 1780 முதல் ஐதர் படைக்கு விட்டுக்கொடுக்காமல் காத்த லெப்டினன்டின் பெயர் ஃபிளின்ட். சக்கிமுக்கிக் கல்லுக்கு ஆங்கிலத்தில் அதே பெயர்தான்! வெடிமருந்தைக் கோட்டைக்குள்ளேயே செய்தார். பீரங்கிக்காரர் இல்லாததால் ஊர்த் தட்டார்களைப் பழக்கிப் பீரங்கியில் நிறுத்தினார் என்பார்கள். கொலுசுக்குக் கண்ணி கோத்த விரல்கள் பீரங்கிக்குத் திரி வைத்திருக்கின்றன.

அடுத்து, மஸ்கட்டுக்குப் பின் வந்த என்ஃபீல்டுக்கு வருவோம். 1853 மாதிரி. இது உண்மையான ரைஃபிள். குழலுக்குள் மூன்று வரிகள், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கைவிரலால் தடவினாலும் திருகுவது தெரியாத அளவுக்குச் சாய்வான சுற்று. குழலையும் கட்டையையும் பிணைக்கும் மூன்று பட்டைகள், 900 கஜம் வரை ஏற்றிக் குறிபார்க்க ஏணிபோன்ற குறிகாட்டி. இதன் கொழுப்புத் தடவிய தோட்டாதான் 1857 கலகத்தின் திரி.

கலகம் அடங்கியதும் இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858 மாதிரி ஒன்று வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அதே என்ஃபீல்டு: அதே பட்டைகள், அதே வளைவு. கிட்டே போய்ப் பார்த்தால் ஏணியைக் காணோம், அசையாத ஒரு கட்டைதான் இருக்கிறது. குழல்வாயில் எட்டிப்பார்த்தால் வரிகளும் இல்லை. வேண்டுமென்றே கடைந்து வழித்திருக்கிறார்கள். வெள்ளைச் சிப்பாய்க்குத் தூரம் போகிற குண்டு, நம்மவருக்குக் கிட்டத்தில் மட்டும் சுடுகிற குழல். அவநம்பிக்கையைச் சட்டத்தில் எழுதினால் வக்கீல் வைத்து வாதாடலாம், இரும்பில் கடைந்தால் என்ன செய்ய? அதிலும் ஒரு வேடிக்கை. கடைந்ததில் குழல் மெலிந்துபோக, மறுவருஷம் கனமான குழலோடு புது மாதிரி செய்ய வேண்டியதாயிற்று.

இவற்றைச் சேர்க்க ஆசைப்படுபவருக்கு நம் நாட்டில் வழி குறுகல். 1959 ஆயுதச் சட்டம், பழைமைக்காகவே மதிப்புள்ள ஆயுதத்தை விட்டுவிடுகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். செத்த துப்பாக்கிக்கே விலக்கு. நேபாளம் 2003-ல் காட்மாண்டு அரண்மனைக் கிடங்கில் தலைமுறைகளாகக் குவிந்துகிடந்த ஆயிரக்கணக்கான மஸ்கட்டுகளையும் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்களையும் அமெரிக்க வியாபாரிகளுக்கு விற்றது. புழுதியும் பழைய கொழுப்புமாகப் போய் இறங்கிய அவற்றை, அங்குள்ள சேகரிப்பாளர்கள் துடைத்துத் துடைத்து முத்திரை தேடுகிறார்கள். நமக்குக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்ப்பதே சேகரிப்பு. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் எழும்பூர் அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடமும் அதற்குப் போதும். காவலர் சந்தேகமாகப் பார்க்கும்வரை குனிந்து நிற்கலாம்.

கடைசியாக, நாம் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய ஒன்று: போலீஸ்காரர் தோளில் தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ'. என்ஃபீல்டின் பேரப்பிள்ளை, வங்கத்து இசாப்பூர் ஆலையிலும் பிறந்தது. பிடிக்குமேல் உள்ள இரும்பு வளையத்தில் கிரீடம், அரசன் பெயரெழுத்து, ஆலைப்பெயர், வருஷம். நாடு குடியரசானபின் கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன. அதைவிட முன்கட்டையில் என் கண் போய் நிற்கும் ஓர் இடம் உண்டு. தோட்டாப் பெட்டிக்குச் சற்று முன்னால், மரத்தைக் குறுக்கே துளைத்துக்கொண்டு போகும் ஒரு திருகாணி. இங்கிலாந்தில் செய்தவற்றில் அது கிடையாது. நம் வெயிலில் கட்டை காய்ந்து வெடித்துவிடும் என்று தெரிந்த யாரோ, இரண்டு பக்கமும் கவ்விப்பிடிக்கச் சேர்த்தது.